குற்றம் தமதாகட்டும் என்று வேண்டியவர்

அரியலூரில் நான் முன்பு குடியிருந்த தெருவில் ஒரு சொல் இன்றும் வழங்குகிறது. "மாத்திரை குடுத்தே புருசன முடிச்சவ" என்பது அது. அண்மையில் ஓர் அலுவலாக அங்குச் சென்றிருந்தேன். நான் இருந்த வீட்டில் இப்போது வாழ்பவர் என்னை அன்போடு அமர்த்தித் தேநீர் கொடுத்தார். பின்னர் எதிர்வீட்டைக் கைகாட்டி அந்தக் கதையை எனக்கே சொன்னார். மறுக்க வாய் திறந்தேன். எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை. தேநீரைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

அக்கதை பொய். ஆயினும் அதைத் தெருவில் முதன்முதல் விதைத்தவர், அச்சொல்லுக்கு ஆளான எதிர்வீட்டு அம்மையாரே. இவ்விரண்டையும் ஒருசேரச் சொல்ல இன்று என்னையன்றி எவரும் இலர். அம்மையார் மறைந்துவிட்டார். அவருக்கு முன்பே அவர்தம் கணவரும் மறைந்தார். மக்கட்பேறு அவர்களுக்கு வாய்க்கவில்லை. எனக்கோ நேற்று வைத்த மூக்குக்கண்ணாடி இன்று எங்கே என்பது நினைவில் நிற்பதில்லை. எஞ்சியிருப்பதையேனும் எழுதிவிட வேண்டும் என்பதே இவ்வுரையின் நோக்கம். அவர் பெயரைக் குறிக்க விரும்பவில்லை. மாத்திரைக்காரம்மா என்று தெரு அழைத்தது, அது போதும்.

கல்லூரியில் தமிழ் கற்பிக்கும் பணியேற்று அத்தெருவுக்குக் குடிவந்த அன்று, நூற்கட்டுகளை இறக்கிக்கொண்டிருந்தேன். சுண்ணாம்புத் தூசி படியாத பொருள் அவ்வூரில் இல்லை. தும்மினேன், மீண்டும் தும்மினேன். கட்டுகள் முழுதும் இறங்குமுன் எதிர்வீட்டிலிருந்து ஓர் அம்மையார் ஒரு கையில் வெந்நீரும் மறுகையில் சிறு மாத்திரையுமாக வந்து நின்றார்.

"இந்தாங்கய்யா, போட்டுக்குங்க. தும்மல் எங்க வூடு வரைக்கும் கேக்குது."

"இது என்ன மாத்திரை, அம்மா?"

"சளிக்குத்தாங்க. எனக்கு நல்லாக் கேட்டுச்சு."

"மருத்துவரிடம் காட்டாமல் எப்படி விழுங்குவது?"

"டாக்டரு பாத்தாலும் இதத்தான் குடுக்கப்போறாரு. அவரப் பாக்கப் போறதுக்குள்ள தும்மலே நின்னுடும். போடுங்க சொல்றேன்."

நான் விழுங்கும்வரை அவர் நகரவில்லை. விழுங்கினேன். அன்று மாலை முழுதும் உறங்கினேன். கட்டுகள் பிரிக்கப்படாமலே கிடந்தன.

பிற வீடுகளில் கடுகும் சீரகமும் இருக்கும் அஞ்சறைப்பெட்டியில் அவர் வீட்டில் மாத்திரைகள் இருந்தன. காய்ச்சலுக்கு ஓர் அறை, வயிற்றுக்கு ஓர் அறை, மூட்டுவலிக்கு ஓர் அறை, நடுவில் தலைச்சுற்றலுக்கு. பெயர்கள் அவருக்கு வேண்டியிருக்கவில்லை. நிறமும் வடிவுமே அடையாளம். தீரும் நிலையில் ஒன்றை எடுத்துக்கொண்டு மருந்துக்கடைக்குப் போவார். "இதுல ஒரு அட்ட குடு தம்பி" என்பார். கடைக்காரரும் மறுபேச்சின்றிக் கொடுப்பார். இவை எல்லாம் எப்போதோ, எவருக்கோ, ஏதோ ஒரு மருத்துவர் சில நாளுக்கென எழுதிக் கொடுத்தவை. நோய் போன பின்னும் மாத்திரை தங்கிவிட்டது.

தெரு அவரை நகையாடியது, ஆனால் நாடியது. பால்காரர் ஒருநாள் வாயிலில் நின்று, "எக்கா, மாடு ஒரு மாதிரி மந்தமா இருக்கு. மாட்டுக்கு ஏதும் வச்சிருக்கியா?" என்று கேட்டார். அம்மையார் சிறிதும் தயங்காமல், "அதுக்கு எடை கூடத்தானே, ரெண்டாப் போடணும். மொதல்ல நீ போடு, பாலு தண்ணியா இருக்கு" என்றார். அவரைக் கேலிசெய்து வென்றவரை நான் கண்டதில்லை.

ஒருமுறை பெரம்பலூர் செல்லும் பேருந்தில் அவரும் நானும் சேர்ந்து ஏற நேர்ந்தது. முன்னிருக்கைப் பெண் ஒருத்தி சாளரத்துக்கு வெளியே தலைநீட்டிக் குமட்டிக்கொண்டிருந்தாள். அம்மையார் முந்தானை முடிச்சை அவிழ்த்தார். அதிலும் மாத்திரை இருந்தது. அந்தப் பெண் தேறியதைக் கண்ட நடத்துநர், "எக்கா, காலையிலேருந்து தலய வலிக்குது, எனக்கும் ஒண்ணு குடேன்" என்றார். "ஒனக்கு அது இல்லடா, இது" என்று வேறொன்று எடுத்துக் கொடுத்தார். விழுங்கிய நடத்துநர் வண்டி முழுதும் கேட்கும்படி கூவினார்: "டிரைவரு, கண்டக்டரு, டாக்டரு எல்லாம் ஒரே வண்டில இருக்கோம். தைரியமா ஏறுங்க!" இறங்குமுன் இன்னும் பல கைகள் நீண்டன. எந்தக் கையும் வெறுமையாகத் திரும்பவில்லை.

இக்குணத்துக்கு ஏதேனும் மூலம் இருக்கும் என்று நான் தேடியதுண்டு. இளமையில் கண்ட சாவு, கிட்டாத மருந்து, இவைபோல் ஏதும் உண்டா என்று சுற்றிவளைத்துக் கேட்டேன். "அப்புடில்லாம் ஒண்ணும் இல்லீங்க. நோவப் பாத்துக்கிட்டு சும்மா ஒக்காந்திருக்க முடியல, அவ்வளவுதான்" என்றார். அதை இரக்கம் என்பதினும் பொறாமை என்பதே தகும். பொறுக்கவியலாமை என்னும் அதன் பழம்பொருளில். பிறர் நோவு தம் கண்முன் சற்றுநேரம் நீடிப்பதையும் அவரால் பொறுக்க இயலாது. எதையேனும் கொடுத்தாக வேண்டும்.

அவர்தம் கணவர் பருத்த உடலும் சுருங்கிய பேச்சும் உடையவர். ஊருக்கு வெளியே ஒரு சிமெண்டு ஆலையில், சுண்ணாம்புக்கல் ஏற்றிவரும் சரக்குந்துகளை எடைமேடையில் நிறுத்தி, எடை பார்த்து, வாயிற்கதவைத் திறந்துவிடும் பணி. மனைவி நீட்டுவதை ஏனென்று கேளாமல் விழுங்குபவர். "எனக்கு என்ன நோவுன்னு அவளுக்குத்தான் தெரியும். நான் சும்மா ஒடம்ப வச்சிருக்கேன்" என்பார். அவருக்கு ஒருகாலத்தில் காதுக்கோளாற்றால் தலைச்சுற்றல் வந்தது. மருத்துவர் சின்னாளுக்கு ஒரு மாத்திரை எழுதினார். சுற்றல் நின்றது. நின்றதால் அம்மையார் அம்மாத்திரையை நிறுத்தவில்லை. ஆண்டுகள் ஓடின. ஒவ்வோர் இரவும் சோற்றுக்குப் பின் அது அவர் உள்ளங்கைக்கு வந்தது.

நான் ஓய்வு பெற்றுப் பெரம்பலூரில் மகன் வீட்டுக்கு வந்த பின்னர் அவர்களைக் காண்பது அருகியது. ஒருநாள் இருவரும் என்னைத் தேடி வந்தனர். வாயிற்படியில் அவரைக் கண்டு திகைத்தேன். முகத்தில் அசைவே இல்லை. வலக்கை விரல்கள் எதையோ உருட்டுவதுபோல் தாமே ஆடிக்கொண்டிருந்தன. அடிகள் குறுகித் தரையைத் தேய்த்தன. எடைமேடைப் பணியை விட்டுவிட்டாராம். ஓட்டுநர்கள் அவர் நடையை நடித்துக் காட்டிச் சிரித்தார்களாம்.

வாரம் ஒருமுறை பெரம்பலூருக்கு வரும் நரம்பியல் மருத்துவரிடம் நானே அழைத்துச் சென்றேன். அவர் இளம்பெண், பொறுமையுடையவர். கைகால்களை மடக்கி நீட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"வேற என்னென்ன மாத்திரை சாப்பிடுறாரும்மா?"

அம்மையார் பையிலிருந்து அஞ்சறைப்பெட்டியை எடுத்து, நகைப்பேழையைத் திறப்பவர்போல் மேசைமேல் திறந்து வைத்தார். மருத்துவர் அறை அறையாகப் பார்த்தார். பின் நடு அறையிலிருந்து ஒன்றை விரலால் எடுத்தார்.

"இது எதுக்கும்மா?"

"தலச்சுத்தலுக்குங்க."

"எவ்வளவு நாளா?"

"அது ஆச்சுங்க, வருசக்கணக்கா. ஒரு நாளும் சுத்தினதே இல்ல, கேட்டுப் பாருங்களேன்."

"சுத்தலன்னா எதுக்கும்மா குடுக்குறீங்க?"

"குடுக்கறதாலதாங்க சுத்தல."

மருத்துவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"தெனம் ஒண்ணுதானே?"

"மொத ஒண்ணுதாங்க. இப்பத் தள்ளாடுறாரு பாருங்க, சுத்தல் கூடிடுச்சுன்னு ரெண்டாக் குடுக்குறேன்."

அம்மருத்துவர் கூறியதை நான் விளங்கிக்கொண்ட அளவில் எழுதுகிறேன். மூளையில் அசைவை ஆளும் இடத்தில் ஒரு நரம்பு டோபமின் என்னும் வேதிப்பொருளைச் சுரந்து ஊற்றுகிறது. மற்றொரு நரம்பு தன் மேலுள்ள ஏற்பிகளால் அதை வாங்கிக்கொள்கிறது. இவ்வழங்கலும் வாங்கலும் சீராக நடந்தால்தான் கை நினைத்தபடி எழும். கால் நினைத்தபடி நடக்கும். தலைச்சுற்றலுக்கான அந்த மாத்திரை நெடுநாள் உண்ணப்பட்டால், சிலருக்கு அந்த ஏற்பிகளின்மேல் அமர்ந்து வழியை அடைத்துவிடும். அப்போது நடுக்கமும் இறுக்கமும் தோன்றும். நிறுத்தினால் அடைப்பு மெல்ல விலகும். ஆனால் நடுக்குவாத நோய் என ஒன்று உண்டு. அதில் ஊற்றும் நரம்பே இறந்துபோகிறது. புறத்தே இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும்.

"அப்ப இது நோவு இல்லீங்களா? என் மாத்திரதானா?" என்று அம்மையார் கேட்டார்.

"இருக்கலாம்மா. நிறுத்திட்டுப் பாப்போம். மாத்திரையால வந்திருந்தா மெல்லச் சரியாயிடும்."

குற்றஞ்சாட்டப்பட்டு அழுதவர்களைக் கண்டிருக்கிறேன், சினந்தவர்களையும் கண்டிருக்கிறேன். அவரோ மருத்துவரின் கையைப் பற்றித் தம் கண்களில் ஒற்றிக்கொண்டார். "என்னாலதான்! பாவி நான்தான் பண்ணேன். போதும் தாயீ, போதும்" என்று சிரித்தார். கண்ணீர் வழிந்தது. பேருந்து நிலையத்தில் முன்பின் அறியாத பூக்காரியிடம், "நான் குடுத்த மாத்திரையாலதான் எங்க வூட்டுக்காரரு இப்புடி ஆயிட்டாரு. நிறுத்தினா நல்லாயிடுவாராம்" என்றார். அரியலூர் சேர்வதற்குள் பேருந்திலும் சொல்லியிருப்பார். தெருவுக்கும் அவர்தாம் சொன்னார். கேட்டவர்கள் முற்பாதியை மட்டும் வைத்துக்கொண்டனர்.

மாத்திரை நின்றது. திங்கள்கள் கழிந்தன. நடுக்கம் நிற்கவில்லை, இடக்கைக்கும் பரவியது. மருத்துவர், "சிலருக்கு நாளாகும். ஆனா இனியும் காத்திருந்து பாக்கறதவிட ஒரு படம் எடுத்துடலாம்" என்றார். அது எலும்பைக் காட்டும் படமன்று. மூளையின் வடிவைக் காட்டும் படமுமன்று. கதிர்வீசும் அணு ஒன்றைப் பிணைத்த மருந்தை மிகச் சிறு அளவில் இரத்தக்குழாயில் செலுத்துவர். அது மூளையை அடைந்து, டோபமின் ஊற்றும் நரம்புமுனைகளில் மட்டும் ஒட்டிக்கொள்ளும். முனைகள் உயிரோடிருந்தால் அவ்விடம் ஒளிரும். இறந்திருந்தால் இருளும். ஒளிர்ந்தால் குற்றம் மாத்திரையுடையது. இருண்டால் நோயுடையது.

இதை என் வீட்டுக் கூடத்தில் அமர்ந்து அவர்களுக்குத் தூய தமிழில் விளக்கினேன். அம்மையாருக்கு விளங்கவில்லை. அவர்தம் கணவர் குழறிய குரலில் தம் தொழில்மொழியில் பெயர்த்துச் சொன்னார்:

"கல்லு லாரி வரல. அது நீ வாசக் கேட்டப் பூட்டுனதாலயா, இல்ல குவாரியில கல்லே தீந்துபோச்சான்னு பாக்கப்போறாங்க புள்ள. அவ்வளவுதான்."

"நான்தாங்க பூட்டுனேன். சத்தியமா நான்தான். பூட்டுனா தொறந்துக்கலாம்ல?"

"தொறந்துக்கலாம். கல்லு தீந்துதுன்னாதான் ஆவாது."

அந்தக் கருவி பெரம்பலூரில் இல்லை, அரியலூரிலும் இல்லை. திருச்சிராப்பள்ளியில் ஒரு மருத்துவக்கூடத்துக்குச் சென்றோம். காலையில் ஊசி செலுத்தினர். மருந்து மூளையில் படியும்வரை காத்திருக்கச் சொன்னார்கள். அம்மையார் தேநீர் வாங்கச் சென்றார். அவ்வேளையில் அவர் கணவர் என் பக்கம் திரும்ப முயன்றார். கழுத்து திரும்பவில்லை; கண்கள் மட்டும் திரும்பின.

"அய்யா, கல்லு தீந்துபோச்சுன்னே வரட்டும்."

"ஏன் அப்படிச் சொல்கிறீர்கள்? மாத்திரையால் என்று வந்தால் நலம்பெறலாமே."

"நான் நல்லாயி நடந்து என்னங்க பண்ண? இவள நெனச்சுப் பாருங்க. குடுத்தே பழகுன கை. அதுல விசம் இருந்துச்சுன்னு எழுதிட்டா அப்புறம் அத வச்சுக்கிட்டு இவ என்ன பண்ணுவா?"

தேநீர் வந்தது. அவருக்கு ஊட்டிவிட்டு, குவளையைக் கழுவும் சாக்கில் அம்மையார் என்னைச் சற்றுத் தள்ளி அழைத்தார். "வர்ற வழியில சமயபுரத்தாளுக்கு வேண்டிக்கிட்டேங்க. என் கையாலதான்னு வரணும். வந்துட்டா அடுத்த வெள்ளிக்கிழமையே மொட்ட போட்டுக்கறேன்" என்றார். இருவர் வேண்டுதலையும் கேட்ட செவி என்னுடையது மட்டுமே. குவளையை அவர் கையிலிருந்து வாங்கி நானே கழுவினேன்.

படம் எடுக்கும் அறைக்கு அவரை உருட்டிச் சென்றபோது, அம்மையார் அங்கிருந்த இளைஞரிடம், "தம்பி, நல்லாப் பாத்து எடுங்க. தப்பு எம்மேலதான், அது தெரியறமாதிரி எடுங்க" என்றார். அவர் சிரித்து, "அம்மா, இந்த மிசின்ல யாரு மேல தப்புன்னுல்லாம் தெரியாது" என்றார். பாவம், தம் சொல்லின் எடையை அறியாமல் அவர் சொன்னார்.

அடுத்த வாரம் பெரம்பலூர் மருத்துவர் திரையில் இரண்டு படங்களை அருகருகே வைத்தார். இடப்புறம் நலமுள்ள ஒருவருடையது, வலப்புறம் இவருடையது.

"இங்க பாருங்கம்மா. நல்லா இருக்கறவங்களுக்கு நடுவுல ரெண்டு முந்திரிப்பருப்பு எதிரெதிரா வச்சமாதிரி பளிச்சுன்னு தெரியும். இவருக்கு வால்பக்கம் ரெண்டும் போயி, தலப்பக்கம் மட்டும் மங்கலா நிக்குது. ஊத்துற நரம்பு செத்துருக்கு. இது மாத்திரையால வந்ததில்ல. மாத்திரை கொஞ்சம் முன்னாடியே வெளிய காட்டியிருக்கலாம். நோயக் கொண்டாந்தது அது இல்ல. உங்க மேல தப்பே இல்லம்மா."

அம்மையார் வரதராஜன்பேட்டைப் பக்கத்து முந்திரிக்காட்டு ஊரில் பிறந்தவர். மணமாகும்வரை பருப்பு உடைத்துத் தரம் பிரித்தவர். முழுப்பருப்பில் ஓர் உடைசலும் கலக்கவிட்டதில்லை என்று பன்முறை பெருமையாகச் சொல்லியிருக்கிறார். அவர் திரையருகே சென்றார். நெடுநேரம் பார்த்தார்.

"இது முழுசுதாங்க" என்றார்.

"இல்லம்மா, நல்லாப் பாருங்க."

"முழுசுதான். வெளிச்சம் பத்தல. தோலு ஒட்டிக்கிட்டிருக்கு, அதான் மங்கலாத் தெரியுது."

"அம்மா, உங்க தப்பு இல்லன்னு சொல்றேன். அதுக்காவது சந்தோசப்படுங்க."

"என்னங்க சந்தோசம்?" என்று அவர் திரும்பினார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அன்றே. "என் தப்புன்னா நான் எடுத்துடுவேன். யாரு தப்பும் இல்லன்னா எங்க போயிங்க எடுக்கறது? மாத்திரையாலதான்னு எழுதிக் குடுங்க. ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

அவர் கணவர் நாற்காலியில் அமர்ந்திருந்தார். அவர் வேண்டியதே வந்திருந்தது. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. மனத்தில் ஏதேனும் இருந்திருப்பினும் அந்நோய் அதைக் காட்ட விட்டிராது.

மருத்துவர் புதிய மருந்து எழுதினார். இறந்த நரம்பை அது எழுப்பாது. ஆனால் குறைந்துபோன டோபமினுக்கு ஈடு கொடுத்து, சில ஆண்டுகளேனும் அவரை நடக்கவும் விழுங்கவும் வைக்கும். காலந்தவறாமல் கொடுத்தாக வேண்டும். தவறினால் உடல் கட்டையாகிவிடும்.

இங்கேதான் நான் விளக்க இயலாத ஒன்று நிகழ்ந்தது. தெருவுக்கெல்லாம் மாத்திரை கொடுத்த அந்த அம்மையார், இந்த மாத்திரையைத் தொடமாட்டேன் என்றார். ஒரு மாதம் சென்று அரியலூருக்கு அவர்களைக் காணப் போனேன். கட்டிலருகே முக்காலியில் மாத்திரையும் தண்ணீரும் இருந்தன. அவர் கணவர் மரப்பாவைபோல் கிடந்தார். எடுத்து வாயிலிட அவர் கையால் ஆகாது. அம்மையார் இரு கைகளையும் முந்தானையில் சுற்றிக்கொண்டு கதவோரம் நின்றார்.

"குடு புள்ள. வாயில போட்டு வுடு."

"கொஞ்சம் பொறுங்க. தொறந்துக்கும். இப்பத்தான் பழையது கரைஞ்சிக்கிட்டிருக்கு. புதுசாப் போட்டா திரும்ப அடச்சுக்கும்."

"தொறக்க அங்க ஒண்ணுமில்லடி."

"இருக்கு. பூட்டுனவளுக்குத் தெரியாதா?"

நான் எடுத்துக் கொடுத்தேன். ஒரு நாழிகைக்குப் பின் அவர் தாமே எழுந்து அமர்ந்து என்னோடு பேசினார். அதைக் கண்டும் அம்மையார் மனம் மாறவில்லை. "பாத்தீங்களா, தொறக்குது" என்று மகிழ்ந்தார்! மருந்து செய்ததைத் தம் காத்திருப்பு செய்ததாகக் கொண்டார். பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி வேலைக்குப் போகுமுன் காலையிலும் திரும்பிய பின் மாலையிலும் கொடுத்துப் போனாள். நண்பகல் வேளைகள் தவறின. அவளுக்கு வேலை மிகுந்த நாள்களில் மாலையும் தவறியது. பெரம்பலூரிலிருந்து நான் தொலைபேசியில் மன்றாடினேன். மருத்துவர் கடிந்தார்: "அம்மா, பழைய மாத்திரை அடைக்கும். இது ஓட வைக்கும். ரெண்டும் வேற வேற." அம்மையார் பணிவோடு தலையசைப்பார். வீட்டுக்குச் சென்றதும் கைகளைச் சுற்றிக்கொள்வார்.

காத்திருப்பில் அவர் சோம்பியிருக்கவில்லை என்பதையும் எழுத வேண்டும். கால்களைப் பிடித்துவிடுவார். கஞ்சியைச் சிறிது சிறிதாகப் புகட்டுவார். புரண்டு படுக்க இயலாத அவரை இரவில் எழுந்து புரட்டிவிடுவார். அவர் உடலில் படுக்கைப்புண் ஒன்றையும் எவரும் கண்டதில்லை. கொடுக்காதது ஒன்றுதான்.

விழுங்கும் ஆற்றல் குன்றிய நாளில் கஞ்சி புரைக்கேறி நெஞ்சில் இறங்கியது. சளிக்காய்ச்சல் கண்டது. சில நாள்களில் அவர் இறந்தார்.

இழவு வீட்டில் அவர்தம் தமக்கையார் மார்பில் அறைந்துகொண்டு, "குடுத்துக் குடுத்தே என் தம்பிய அனுப்பிட்டியேடி!" என்று அரற்றினார். அம்மையார் பிணத்தின் தலைமாட்டில் இருந்தபடியே, "ஆமா அண்ணி, நான்தான்" என்றார். பந்தலில் இருந்தோர் அனைவரும் கேட்டனர். நான் எழுந்து, படத்தில் கண்டதையும் மருத்துவர் கூறியதையும் சொல்லத் தொடங்கினேன். ஒரு பெரியவர், "படம் என்னத்தங்க கண்டுச்சு, அவளே சொல்றா" என்றார். அம்மையார் என்னை நிமிர்ந்து பார்த்தார். அப்பார்வையில் நன்றி இல்லை, பகை இருந்தது.

"அய்யா, நீங்க சும்மா இருங்க. என் தப்பு இல்லன்னா அவரு எதுக்குங்க செத்தாரு?"

அவ்வினாவுக்கு என்னிடம் விடை இல்லை. மருத்துவரிடமும் இருந்ததாகத் தெரியவில்லை. ஊற்றும் நரம்பு ஏன் இறக்கிறது என்று நான் கேட்டபோது, பெரும்பாலோர்க்குக் காரணம் ஏதென்று இன்னும் அறியப்படவில்லை என்றே அவர் கூறினார். ஒளிரும் இடத்தையும் இருளும் இடத்தையும் காட்ட வல்ல கருவி உண்டு. இருளுக்கு ஒருவரைப் பொறுப்பாக்கித் தரும் கருவி இல்லை. அம்மையாருக்கு அந்த வெறுமை தாங்கவில்லை. தம்மையே அதில் இட்டு நிரப்பினார். தெருவுக்கும் அது ஏற்றதாயிற்று.

அதன்பின் எவர் தலைவலி என்று வந்தாலும், "இல்லப்பா, டாக்டரப் போயிப் பாரு" என்று அனுப்பிவிட்டார். வருவோர் குறைந்தனர். பின் ஒருவரும் வரவில்லை. தமக்கு எழுதப்பட்ட இரத்த அழுத்த மாத்திரையையும் அவர் நிறுத்திவிட்டிருந்தார் என்பது, பக்கவாதம் கண்டு அடுப்படியில் வீழ்ந்து கிடந்த பின்னரே தெரிந்தது. அவரைப் புதைத்த நாளில் என்னோடு நின்றவர் மிகச் சிலர். அந்நாளிலும் ஒருவர் அக்கதையை மற்றொருவர்க்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

இவ்வளவே நான் அறிந்தது. மருத்துவம் நான் கற்றதன்று. கேட்டதைக் கேட்டபடி எழுத முயன்றேன். நரம்பு, ஏற்பி, படம் ஆகியன குறித்து யான் சொன்னவற்றில் பிழை இருப்பின் அறிந்தோர் திருத்துக. அவர்கள் பேச்சை நினைவிலிருந்து எழுதினேன். அத்தெருவார் எவரேனும் வேறுவகையாகக் கேட்டிருப்பின் அதையும் தெரிவிக்க. இவை சிறு பிழைகள். ஒரு பெரும்பிழைக்கும் இடமுண்டு. அத்தகைய படங்களைப் படிப்பதில் தேர்ந்தவர் எவரேனும், யான் விவரித்தபடி இருண்ட மூளையும் மாத்திரையால் இருண்டிருக்கக் கூடும், இன்னும் சிறிது பொறுத்திருந்தால் தேறியிருக்கக் கூடும் என்று கருதுவாராயின், அவர் என்னை முற்றிலும் மறுத்து எழுத வேண்டுகிறேன். அம்மையார் குற்றவாளி என்று அதனால் முடிவாகும். ஆகட்டும். உயிரோடிருந்தபோது அவர் எங்களிடம் வேண்டி நின்றது அது ஒன்றே. அதை அவருக்குக் கொடுக்க எங்களில் ஒருவராலும் இயலவில்லை.